பெக்கானுக்குப் பட்டா

திருநகரில் சொல்லெல்லை நிர்ணய அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. இருக்கிறது என்று நான் சொன்னால் நம்பலாம், ஏனென்றால் அதன் வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். கடைக்குள் மூன்று மெஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, ஸ்டாம்ப் பேடு, பசை, குண்டூசி, டேக் நூல் எல்லாம் உண்டு. அந்த ஆபீஸ் இல்லையென்றால் என் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே நான் சொல்லப்போவதில் காழ்ப்பு எதுவும் இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

நிலம் அளக்கிற வேலை கம்ப்யூட்டருக்குப் போனபோது முப்பத்திரண்டு பேர் மிச்சமானார்கள். அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அதே சமயத்தில், கடைகளில் புதுப்புதுப் பெயரில் தின்பண்டம் வருகிறது, எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை என்று எங்கோ ஒரு கூட்டத்தில் யாரோ பேசிவிட்டார்கள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டாயிற்று. பதிவேட்டில் இல்லாத பெயரில் ஒரு தின்பண்டத்தை விற்க வேண்டுமானால், அந்தப் பெயர் மற்ற பெயர்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று இந்த அலுவலகம் அளந்து பட்டா கொடுக்க வேண்டும். போர்டை மாற்றினார்கள், படிவத்தை மாற்றவில்லை. பழைய படிவத்தில் ‘நிலம்’ என்று இருந்த இடத்தையெல்லாம் பேனாவால் அடித்து ‘சொல்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. அந்த அடித்தலைத்தான் நான் ஆறு வருஷமாக ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆபீஸுக்குப் போன வருஷம் ஆவணி மாதம் நல்லகாமன் வந்தான்.

நல்லகாமன் எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு சந்துக்குள் மிட்டாய்ப் பட்டறை வைத்திருக்கிறான். முன்பு கடலை மிட்டாய்தான் போட்டான். அவன் மகள் பவதாரிணிக்கு நாலு வயதாக இருந்தபோது ஒரு காதுகுத்து வீட்டில் இட்லிக்கு ஊற்றிய கடலைச் சட்னி கொஞ்சம் நாக்கில் பட்டது. உதடு வீங்கி, கண் மூடிக்கொண்டு, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து பிழைத்தது பிள்ளை. நிலக்கடலை ஜென்மத்துக்கும் ஆகாது, அடுத்த தடவை தாங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நல்லகாமன் மறுநாளே வாணலி, தட்டு, உருட்டுக்கட்டை எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டுப் பட்டறைச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தான். அன்றிலிருந்து அவன் வாசலைத் தாண்டி ஒரு நிலக்கடலை உள்ளே போனதில்லை.

அப்புறம் எள், பொட்டுக்கடலை, முந்திரி என்று ஏதேதோ போட்டுப் பார்த்தான். மகளை டாக்டரிடம் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகச் சோதித்ததில் பெக்கானும் ஒத்துக்கொண்டது. அமெரிக்காப் பக்கம் மரத்தில் காய்க்கிற பருப்பு. வால்நட்டுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும், ஆனால் நீளம், மழுமழுப்பு, கசப்பு கம்மி. வெல்லப்பாகில் அதைப் போட்டு நல்லகாமன் பிடித்த மிட்டாயை நான் தின்றிருக்கிறேன். வாயில் போட்டால் பேச்சு வராது, அம்புட்டு ருசி.

பவதாரிணிக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடித்தால் எல்லாப் பிள்ளைகளும் கேண்டீன் ஜன்னலில் கையை நீட்டி மிட்டாய் வாங்குகின்றன. இவள் மட்டும் வீட்டு டப்பாவைத் திறந்து வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து தின்ன வேண்டும். ஒருநாள் வந்து அழுதிருக்கிறாள். “ஒரே ஒரு தடவ நானும் கேண்டீன்ல கைய நீட்டி வாங்கணும்ப்பா.” நல்லகாமன் கேண்டீனில் போய்க் கேட்டான். மிட்டாய் நல்லாத்தான் இருக்கு, பெயர் பதிவேட்டில் இருந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அவ்வளவுதான் விஷயம். ஒரு பெயர் வேண்டும், அதுவும் ஏற்கெனவே இருக்கிற பெயர்.

சொல்லெல்லை அலுவலர் திருமதி சரண்யாதேவி கண்ணியமானவர். யாரையும் ஒருமையில் பேசமாட்டார். யாருக்கும் ஒரு தடவையில் வேலையும் முடித்துத்தர மாட்டார். நல்லகாமன் துணைக்குக் கூப்பிட்டதால் நானும் உள்ளே போனேன்.

“என்ன பேரு?” என்றார்.

“நல்லகாமனுங்க மேடம்.”

“உங்க பேரு இல்ல. நீங்க பட்டா கேக்குற பேரு.”

“பெக்கான் மிட்டாய்ங்க.”

“மிட்டாய்க்குப் பட்டா ஆயிருச்சு. பெக்கான்னா என்ன?”

நல்லகாமன் சட்டைப்பையிலிருந்து நாலு பெக்கானை எடுத்து மேஜைமேல் வைத்தான். அம்மையார் அதைப் பேனா முனையால் ஓரமாகத் தள்ளினார்.

“பொருளைக் காட்டாதீங்க. இது பொருள் ஆபீஸ் இல்ல, சொல் ஆபீஸ். சொல்லக் காட்டுங்க.”

“சொல்ல எப்படி மேடம் காட்டுறது?”

“நாலு எல்லையக் காட்டணும்” என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “இங்க பாருங்க. ஒரு சொல்லுக்கு அர்த்தம் என்னங்குறது எங்களுக்குத் தேவையே இல்ல. அத யாரு வேணா சொல்லிருவாங்க. கிழக்க என்ன, மேற்க என்ன, வடக்க என்ன, தெக்க என்ன? அதான் கேள்வி. நாலு பக்கமும் சரியா இருந்தா, நடுவுல ஒண்ணுமே இல்லேன்னாக்கூட நாங்க பட்டா குடுத்திருக்கோம். நிலம் அளந்த காலத்தையும் சேத்து இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நடுவுல என்ன இருக்குன்னு நான் ஒரு தடவ கூடப் பாத்ததில்ல.”

நல்லகாமன் அப்போதுதான் பிளாஸ்டிக் உறையிலிருந்து டாக்டர் சர்டிபிகேட்டை எடுத்தான். நிலக்கடலை தின்றால் இந்தப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து, பெக்கான் தின்றால் ஒன்றும் செய்யாது என்று முத்திரை போட்டு எழுதிய காகிதம்.

“கடலையத் தின்னு சாகப் பாத்தா மேடம். இதத் தின்னுட்டு ஓடியாடித் திரியுறா. ரெண்டும் வேறங்குறதுக்கு இதவிட என்ன வேணும்?”

அம்மையார் அதை முழுக்கப் படித்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது, நிஜமான வருத்தம். படித்து முடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“இது அனுபோகம். உங்க பொண்ணு அனுபவிச்சிருக்கா, பாவம். ஆனா அனுபோகம் உரிமை ஆகாது. உயிர் போறது, வர்றதெல்லாம் ஆவணத்துல ஏறாது. பக்கத்து பட்டாதாரர் நாலு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கிட்டு வாங்க.”

கடைக்கு வந்து படிவத்தை விரித்தோம். எழுதியது நான்தான். கிழக்கே வால்நட், வடக்கே பாதாம், தெற்கே முந்திரி. மேற்கே என்று வந்தபோது இரண்டு பேரும் முழித்தோம்.

“காலியா விட்டா என்ன மாப்ள?” என்றான் நல்லகாமன்.

“காலியா விட்டா புறம்போக்குன்னு எழுதிருவாய்ங்க. அப்புறம் அத மீட்க வேற ஆபீஸ் போகணும்.” நான் யோசித்துவிட்டுச் சொன்னேன். “கடலையப் போடுவோம் மாப்ள. கடலைக்குப் பட்டா வச்சிருக்குற அருள்பாண்டி அண்ணே உனக்குத் தெரிஞ்சவருதானே, கேட்டதும் போட்டுருவாரு.”

“கடலையவா? அது பக்கத்துலயே வேணாம்டா.”

“அட, பக்கத்துல இருந்தாத்தானே இது வேற, அது வேறன்னு அர்த்தம்?”

என் மூளையை மெச்சிக்கொண்டு ‘மேற்கே நிலக்கடலை’ என்று எழுதினேன். கையெழுத்து நல்லா இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அன்றைக்கு இன்னும் நன்றாக வந்தது.

கையெழுத்து வேட்டை மூன்று மாதம் நடந்தது. ‘பாதாம்’ பட்டா வைத்திருப்பது பாதாம் பால் கடை மீனா. அந்தக்கா, “எங்குட்டுப்பா போடணும்?” என்று கேட்டுவிட்டு, பால் ஆற்றிய கையோடு போட்டுக் கொடுத்தது. முந்திரிக்காரர் திருச்செந்தூர் போயிருந்தார், வந்ததும் போட்டார். கடலை மிட்டாய்க்காரர் அருள்பாண்டி காகிதத்தைப் படிக்கவே இல்லை. “தம்பி, உனக்கில்லாத கையெழுத்தா!” என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டார். ‘வால்நட்’ பட்டாதாரர் சுருளி மட்டும் முடியாது என்றுவிட்டார்.

ஒருவர் முடியாது என்றால் நேரில் வந்து அளப்பார்கள். சொல் அளவர் மருது கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை செல்லூர் சந்துக்குள் வந்தார். தோளில் இருபத்திரண்டு கெஜச் சங்கிலி. சந்தே இருபது கெஜம் இருக்காது, அதனால் சங்கிலியை மடித்துத் திண்ணையில் வைத்துவிட்டு ஒரு தாம்பாளம் கேட்டார். நடுவில் பெக்கானைக் குவித்தார். கிழக்கே வால்நட், வடக்கே பாதாம், தெற்கே முந்திரி. பையிலிருந்து ஒரு பொட்டலம் நிலக்கடலையை எடுத்ததும் நல்லகாமனின் மனைவி தாமரைச்செல்வி நிலைப்படியை மறித்து நின்றாள்.

“சார், அது உள்ள வராது.”

“எல்லையம்மா. எல்லைய வைக்காம எப்புடி அளக்குறது?”

“நீங்க எங்குட்டு வேணா அளங்க. கடல இந்தப் படியத் தாண்டாது. எம்புள்ள இங்கதான் வீட்டுப்பாடம் எழுதுது.”

மருது சண்டைக்காரர் இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் ‘நிலக்கடலை’ என்று எழுதி மேற்கே வைத்தார். பிறகு வேலையைத் தொடங்கினார். ஒரு வாய் பெக்கான், ஒரு வாய் வால்நட், மறுபடி பெக்கான். கண்ணை மூடிக்கொண்டு மென்றபடி, “இந்தா, இங்க முடியுது… இல்ல, இன்னும் போகுது” என்று சொல்லிக்கொண்டே நோட்டில் கோடு போட்டார். பெக்கானுடைய ருசி எந்த இடத்தில் முடிந்து வால்நட்டின் ருசி எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பது கண்டுபிடிக்கச் சிரமமான விஷயம்தான் போலிருக்கிறது. காலை பத்தரைக்கு ஆரம்பித்தவர் ஒரு மணிக்குத்தான் முடித்தார். முக்கால் கிலோ பெக்கான் போய்விட்டது.

முந்திரிப் பக்கமும் பாதாம் பக்கமும் பிரச்சினை இல்லை என்றார். மேற்கு எல்லைக்கு மட்டும் சந்து முனை டீக்கடைக்குப் போய் நின்று கடலையை மென்றுவிட்டு வந்தார். தாமரைச்செல்வி ஒரு குடம் தண்ணீரை வாசலில் வைத்து, அவர் வாயைக் கொப்பளித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டாள். கழுவிய பிறகு மருது சொன்னார்.

“அண்ணே, ஒங்க பெக்கான் கிழக்கால கொஞ்சம் ஆக்கிரமிச்சிருக்கு.”

“என்னத்த ஆக்கிரமிச்சிருக்கு?”

“வால்நட்டுக்கு மேல சுருக்கம் இருக்குல்ல? ஒங்களதுலயும் மூணு சுருக்கம் இருக்கு. சுருக்கம் வால்நட்டுக்குப் பாத்தியப்பட்டது. அவய்ங்க பட்டா மூத்த பட்டா.”

“அது காய்க்கும்போதே அப்படித்தான்யா காய்க்குது!”

“ஆக்கிரமிப்புச் செய்யுறவக எல்லாரும் இதத்தாண்ணே சொல்லுறாய்ங்க” என்று மருது அலுத்துக்கொண்டார். ஆள் மோசமில்லை. போகும்போது பிள்ளைக்கு என்று ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனார்.

தை மாதம் விசாரணை. மருது ஓரமாக உட்கார்ந்திருந்தார், சுருளி வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். கீழமாசி வீதியில் அவருக்குக் கடை. என்ன ஆட்சேபனை என்று கேட்டதற்கு, எழுந்து நின்று கணீரென்று பேசினார்.

“மேடம், வால்நட்டுன்னு ஒண்ண இந்த ஊரு ஏத்துக்கிறதுக்கே எங்கப்பாரு காலத்துலருந்து பாடுபட்டிருக்கோம். மூளை மாதிரி இருக்கு, தின்னா மூளைக்கு நல்லதுன்னு சொல்லிச் சொல்லித்தான் சனம் வாங்குது. இப்ப இது வந்து பக்கத்துல நின்னா, சனம் எது மூளைன்னு கொழம்பிரும். எங்க சொல்லுக்குப் போற வழிய இந்தச் சொல்லு அடைக்குது.”

“பாதை உரிமை” என்று அம்மையார் எழுதிக்கொண்டார்.

நல்லகாமன் சொன்னான். “மேடம், நான் அவரு யாவாரத்தக் கெடுக்க வரல. கேண்டீன்ல எம்புள்ள ஒரு மிட்டாய் வாங்கணும். அம்புட்டுத்தான்.”

“உங்க நோக்கம் நல்ல நோக்கம். நோக்கத்துக்குப் படிவத்துல எடமில்ல.” அம்மையார் அளவர் போட்ட வரைபடத்தை விரித்தார். நடுவில் பெக்கான் ஒரு முட்டை வடிவக் கோடு. கிழக்கில் கொஞ்சம் சிவப்பு மை. அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக ஸ்கேலை எடுத்து, பெக்கானை அப்படியே மேற்கே நகர்த்தினார். “சுமுகமா முடிச்சிருவோம். கிழக்க ஆக்கிரமிச்ச அளவுக்கு மேற்க தள்ளிக்குங்க. சுருளி, உங்களுக்குச் சம்மதமா?”

“மேற்க போனா எனக்கென்ன மேடம்” என்றார் சுருளி.

எனக்குச் சட்டென்று புரியவில்லை. நல்லகாமனுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டான்.

“மேற்க கடலை இருக்கு மேடம்.”

“ஆமா, நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப உங்க பெக்கான் கொஞ்சம் கடலைக்குள்ள நிக்கிது. பரவாயில்ல. கடலை பூமிக்கு அடியில வெளையுது. பெக்கான் மரம். ஒருத்தர் பூமியில நிக்கிற மரம் அந்தப் பூமியோட சேர்ந்தது. மாவடை மரவடைன்னு பத்திரத்துலயே எழுதுறோம் பாருங்க, அது மாதிரி. ரெண்டு பேருக்கும் சேத்துக் கூட்டுப் பட்டா போட்டுருவோம்.”

“கூட்டுப் பட்டாவா? மேடம், அது ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒண்ணு எம்புள்ளையக் கொல்லும், ஒண்ணு கொல்லாது!”

“ஒண்ணுன்னு யாரு சொன்னா? ஒண்ணு இல்ல, கூட்டு.”

“ரெண்டும் தனித்தனின்னு நிரூபிக்க என்னதான் மேடம் செய்யணும்?”

அம்மையார் மனமிரங்கினார். அவர் மனமிரங்கினால் குரல் தாழ்ந்துவிடும், எனக்குத் தெரியும்.

“ஒரே ஒரு வழி இருக்கு. புலத் தணிக்கை. பொண்ணக் கூட்டிட்டு வாங்க. என் முன்னாடி முதல்ல பெக்கானைக் குடுங்க. அரை மணி நேரம் பாப்போம். அப்புறம் கடலையக் குடுங்க. வித்தியாசத்த நானே கண்ணால பாத்துக் கையெழுத்துப் போட்டுருறேன். ஆம்புலன்ஸ் நீங்கதான் ஏற்பாடு பண்ணிக்கணும். எங்களுக்கு அதுக்கு ஒதுக்கீடு இல்ல.”

சுருளி தலையைக் குனிந்துகொண்டார். மருது வாசல் பக்கம் பார்த்தார். நல்லகாமன் என்ன செய்வானோ என்று நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“எம்புள்ள உங்களுக்கு அளவுக்கல்லா மேடம்?” என்றான். கத்தவில்லை. அவன் கத்தியிருக்கலாம் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன்.

அம்மையார் எழுதினார், எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னார். “விண்ணப்பதாரர் புலத் தணிக்கைக்கு ஒத்துழைக்கவில்லை. மேற்கெல்லையை அளவர் நேரில் அணுகவும் குடும்பத்தார் தடை செய்துள்ளனர். ஆகவே கூட்டுப் பட்டாவுக்கு உத்தரவிடப்படுகிறது. கூட்டைப் பிரித்து உட்பிரிவு கோரித் தனியே விண்ணப்பிக்கலாம்.” தலைநிமிர்ந்து, “உட்பிரிவு வாங்குறதுக்கு ஏழெட்டு வருஷம் ஆகும். ஆனா கண்டிப்பா ஆகும்” என்று தைரியம் சொன்னார்.

ஏழெட்டு வருஷத்தில் பவதாரிணி பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவாள்.

வெளியே வந்ததும் நான்தான் சமாதானம் சொன்னேன். “விடு மாப்ள. கூட்டோ தனியோ, பேரு பதிவேட்டுல ஏறிருச்சுல்ல? கேண்டீன்காரய்ங்க அதத்தானே கேட்டாய்ங்க? நீ ஒம்பாட்டுக்கு ஒன் மிட்டாயப் போடு.” நல்லகாமன் உத்தரவைப் பதினான்கு நகல் எடுக்கச் சொன்னான். எடுத்தேன். நாலாவது பக்கத்தில் ஒரு வரி இருந்தது: ‘கூட்டுப் பட்டாதாரர்கள் இருவரும் மேற்படி சொற்களை வேறுபாடின்றிப் பயன்படுத்திக்கொள்ள உரிமை உடையவர்கள்.’ பதினான்கு தடவை அந்த வரி என் கையில் சுடச்சுட வந்து விழுந்தது. நானும் அடுக்கி நூல் கோத்துக் கொடுத்தேன், வேறென்ன.

மாசி மாதம் பட்டா வழங்கும் விழா. ஆபீஸ் வளாகத்தில் பந்தல் போட்டு, வாழை கட்டி, பட்டாவை வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சரண்யாதேவி அம்மையார் மைக்கைப் பிடித்தார்.

“இந்த ஆண்டில் மட்டும் நூற்றுப் பதினான்கு சொற்களை அளந்து முடித்திருக்கிறோம். அவற்றில் தொண்ணூறு சொற்கள் இன்று ஒன்றோடொன்று கூட்டாக வாழ்கின்றன. முன்பு ஒரு கடைக்குள் போனால் எத்தனை பெயர், எத்தனை குழப்பம்! இப்போது அதிரசமும் டோனட்டும் ஒரே பட்டா. பன்னீரும் தயிரும் ஒரே பட்டா. சொல்லுக்குச் சொல் இருந்த சண்டை குறைந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் இன்னும் ஐந்தாண்டுகளில் இந்த மண்டலத்தில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சும். அந்தச் சொல்லுக்கு நான்கு பக்கமும் எதுவும் இருக்காது. அன்றைக்கு இந்த அலுவலகம் பிறந்த பயன் நிறைவேறும்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஒரே சொல்தான் மிஞ்சும் என்றால் ஜெராக்ஸ் எடுக்க என்ன இருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. மேடையில் நல்லகாமனுக்குப் பக்கத்தில் அருள்பாண்டி அண்ணன் நின்றார். தனக்கும் ஒரு சால்வை கிடைத்ததில் அவருக்கு ஆச்சரியம். “என்ன தம்பி, எனக்கும் சேத்து வாங்கிக் குடுத்துட்டியே!” என்று நல்லகாமன் முதுகில் தட்டினார். அந்த மனிதருக்குக் கள்ளம் கிடையாது. வியாபாரம்தான் தெரியும்.

நல்லகாமன் லேபிள் அச்சடிக்கக் கொடுத்தான். ‘பெக்கான் மிட்டாய்’ என்று பச்சையில் பெரிய எழுத்து, கீழே ஒரு மரம். மகள்தான் மரத்தை வரைந்தாள். அச்சகத்தில் வேலை நெருக்கடி, பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் அவன் தரையில் கால் பாவாமல் திரிந்தான். வீட்டில் மகளிடம், “கேண்டீன்ல பெக்கான்னு போட்டு வரும்டா, நீயே கைய நீட்டி வாங்கிக்க, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று தினமும் சொல்லியிருக்கிறான். தாமரைச்செல்வி பிறகு என்னிடம் சொன்னாள்.

லேபிள் கட்டு ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியது. பட்டாவை லேமினேட் செய்து கேட்டிருந்தான், அதைக் கொடுக்க நானும் போயிருந்தேன். அடுப்பில் பாகு காய்ந்துகொண்டிருந்தது. நாளைக்குக் கேண்டீனுக்குக் கொண்டுபோக முதல் ஈடு.

பவதாரிணி பையோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்பா! வந்துருச்சுப்பா! நானே கைய நீட்டி வாங்குனேன்! எல்லாரும் பாத்தாளுங்க!”

“என்னடா வந்துருச்சு?”

“நம்ம மிட்டாய்! கேண்டீன்ல!” என்று உள்ளங்கையைத் திறந்தாள். பளபளக்கிற உறை. பெரிய எழுத்தில் ‘பெக்கான் மிட்டாய்’. பின்னால் சிறிய எழுத்தில் அருள்பாண்டி அண்ணன் கம்பெனி. “நீ முன்னால இருக்கும்போது பிரிச்சுத் திங்கணும்னு வச்சிருந்தேன்ப்பா. பஸ்ல மகாலட்சுமி கேட்டா, குடுக்கல.”

நல்லகாமன் கரண்டியை விட்டுவிட்டு அந்த மிட்டாயைப் பிடுங்கினான். பிடுங்கிய வேகத்தில் பிள்ளையின் கையில் நகம் கீறிவிட்டது. சட்டென்று திரும்பி, உறையின் முனையைக் கிழித்து மூக்கருகே கொண்டுபோனான். எனக்கு எட்டடி தள்ளி நின்றும் அடித்தது, வறுத்த நிலக்கடலை வாசம். அந்தப் பட்டறைக்குள் ஐந்து வருஷம் கழித்து.

வாசலுக்கு ஓடிச் சாக்கடையில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினான், மறுபடியும் கழுவினான். பிள்ளையைத் தூக்கி உதட்டைப் பார்த்தான், நாக்கை நீட்டச் சொன்னான், கண் இமையை விலக்கிப் பார்த்தான். உள்ளங்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தான். தாமரைச்செல்வி குடத்துத் தண்ணீரைச் சரித்து ஊற்றினாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் லேமினேட் செய்த பட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றிருந்தேன். என்னைச் செருப்பால் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பவதாரிணி அழவில்லை. கீறிய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது நம்மளது இல்லையாப்பா?”

“இல்லடா.”

“பெக்கான்னுதானே போட்டிருந்துச்சு?”

நல்லகாமன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“பவா, இங்க பாரு. இனிமே பெக்கான்னு எழுதியிருந்தா தொடவே கூடாது. கேண்டீன்ல, கடையில, கல்யாண வீட்டுல, எங்கயும்.”

“நீ செஞ்சதா இருந்தாலுமா?”

அவன் கீறல் விழுந்த கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“நான் செஞ்சதா இருந்தாலும். எழுதியிருந்தா தொடாத.”

“அப்ப எதுக்குப்பா இம்புட்டு நாளு அலஞ்ச?”

நல்லகாமன் என்னைப் பார்த்தான். நான் கீழே பார்த்தேன். அடுப்பில் பாகு தீய ஆரம்பித்திருந்தது. அவன் எழுந்து போய் வாணலியை இறக்கி வைத்துவிட்டு, பிரிக்காத லேபிள் கட்டை எடுத்து, அவள் வரைந்த மரம் மேல் பக்கமாகத் தெரிய, அடுப்புக்குள் வைத்தான்.